கோ தவுங் ஷ்வேயின் ஓட்டு

"தவுங் ஷ்வே" என்று ஊர்க் குடும்பப் பட்டியலைப் படித்துவிட்டு ஊர்த்தலைவர் ஊ டின் பே நிமிர்ந்தார். வீடிழந்தவர்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், மேசைக்கு முன்னால் நின்ற மா சான் யீ சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி இரண்டு வாரமாகிறது. புயல் கடலைத் தூக்கி ஐராவதி ஆற்றுக் கரை ஊர்களுக்குள் கொட்டிய அன்று போனவன், உடம்புகூடக் கிடைக்கவில்லை. ஏழாம் நாள், கையிலிருந்த ஒரு பிடி அரிசியைப் பொங்கிப் பிக்குவுக்குப் படைத்து, "இனி எங்களைச் சுத்தி நிக்க வேணாம், நல்லபடியாப் போயிடுங்க" என்று புருஷனுக்கு அவள்தான் விடை கொடுத்தாள். விடை கொடுத்த உயிரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பிவிடும். அப்புறம் போக வழி தெரியாமல் தவிக்கும், பாவம்.

"அவர் இல்லீங்களே, ஐயா."

"பட்டியல்ல இருக்காரேம்மா." இரண்டு ஓட்டுச் சீட்டுகளைத் தள்ளினார். தளபதிகள் எழுதிய புதிய அரசியல் சட்டத்துக்குச் 'சரி' என்று இரண்டிலும் ஏற்கெனவே குறி போட்டிருந்தது. "உனக்கு ஒரு ரேகை. அவருக்கு ஒண்ணு."

"எனக்கு வைக்கிறேன். வழியனுப்பின மனுஷனை மறுபடி கூப்பிடச் சொல்றீங்களா?"

வரிசையில் பின்னால் நின்ற மீன்காரி டோ ஓன் சீ சும்மா இருப்பாளா? "உசிரோட இருந்தப்ப ஒரு கூட்டத்துக்கு வந்தானாடி அவன்? வயித்துவலின்னு படுத்துக்குவான். இப்பப் பாரு, செத்தும் சர்க்காருக்கு ஆதரவு!"

நாலு பேர் சிரித்தார்கள். வாசலில் நின்ற சிப்பாய் திரும்பினான். சிரிப்பு தொண்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது.

ஊ டின் பே குரலைத் தாழ்த்தினார். "ஓட்டு உள்ளவங்க இருநூத்திப் பதினாலு பேரு, தங்கச்சி. அத்தனை சீட்டும் நான் காட்டியாகணும். எம் பொண்டாட்டிக்கும் நான்தான் ரேகை வச்சேன்." அவளும் அதே அலையில் போனவள்தான். "நாளைக்கு இந்த இடம் காலியாகணும். ரேகை வச்ச குடும்பம் முகாமுக்கு. வைக்காத குடும்பம் ஊருக்கு."

ஊர் என்று எதைச் சொல்கிறார்? வீடு இல்லை. கிணறு உப்பு. வயலில் ஒதுங்கியதையெல்லாம் இன்னும் யாரும் புதைக்கவில்லை. மூலையில் மகள் திடா காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள்.

சான் யீ தன் சீட்டில் வலது பெருவிரலை வைத்தாள். மற்றதற்கு இடது. அழுத்தும்போது உதடு மட்டும் அசைந்தது: "உங்களைக் கூப்பிடலைங்க. நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருங்க."

மதியம் சோற்றுப் பொட்டலம் கொடுத்தவனும் அதே பட்டியலைத்தான் வைத்திருந்தான். "பெரியவங்க ரெண்டு, பிள்ளை ஒண்ணு" என்று மூன்றைக் கையில் வைத்தான். ஒன்றைத் திருப்பிக் கொடுக்கக் கை நீண்டது. கொடுத்தால் ஏன் என்று கேட்பான். சிப்பாய் பார்த்துக்கொண்டிருந்தான். கையை மடக்கிக்கொண்டாள்.

திடா எழுந்து உட்கார்ந்து பொட்டலங்களைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நகர்ந்து, பாயில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.