சாவிக்கொத்தை ஆட்டாமல் காட்டுவது எப்படி

1
இந்தக் கதை ஆழ்மனத்தில் பிறந்தது என்று சொல்ல ஆசைதான். பிறந்தது அகரம் போகும் டவுன் பஸ்ஸில், போனில் வந்த ஒரு கட்டுரையில். சத்தமும் காட்சியும் ஒன்றாக வந்தால் கைக்குழந்தைக்குச் சத்தம் முந்திக்கொள்ளுமாம். கண்ணெதிரே இருப்பது சரியாகப் பதியாமல் போகலாமாம். உடனே எனக்கு இலக்கியம் வந்துவிட்டது.

2
"மலைக்கோட்டையின் மீது இளவெயில் படர்ந்திருந்த அந்த..."

(வேண்டாம். திண்டுக்கல் கதை என்றால் கோட்டை, பூட்டு, பிரியாணி. கோட்டையைத் தூக்கிவிட்டேன். பூட்டைத் தூக்க முடியவில்லை. பழனிக்குமாருக்குப் பூட்டுப் பட்டறையில்தான் வேலை.)

3
அவன் மகள் தமிழ்மதிக்கு ஆறு மாதம். முகம் பார்த்துச் சிரிப்பதில்லை. "கண்ணு தெரியுதான்னே சந்தேகமா இருக்கு" என்று அவன் மனைவி கௌசல்யா மூன்று முறை சொல்லிவிட்டாள். மூன்று முறையும் அவன் பரிசோதனை நடத்தினான். பட்டறைச் சாவிக்கொத்தைக் குழந்தைக்கு முன்னால் கலகலவென்று ஆட்டுவான்.

"ஏத்தா, இங்க பாரு! திரும்பிருச்சுல்ல? கண்ணு அம்புட்டுத் தெளிவு."

"அது காதுங்க. ஒரு தடவ ஆட்டாமக் காட்டுங்க."

"ஆட்டாமக் காட்டுனா எப்படிப் பாக்கும்?"

[அடிக்குறிப்பு: தெருவில் எல்லாருமே கண் டாக்டர்கள். கை தட்டுவார்கள், சொடக்குப் போடுவார்கள். குழந்தை திரும்பியதும் கண் பாஸ்.]

4
பழனிக்குமாரை முட்டாளாகத்தான் எழுதி வைத்திருந்தேன். சரிப்படவில்லை. பூட்டு விழுந்ததா என்று அவன் கண்ணால் பார்ப்பதே இல்லை, 'டக்'கென்ற சத்தத்தில் கண்டுபிடிப்பான். பத்து வருடமாக அந்தச் சத்தம் அவனை ஏமாற்றியதில்லை. சாவி இல்லாமல் தொட்டில் பக்கம் அவனை நிறுத்திப் பார்த்தேன். உடனே சொடக்குப் போடக் கையைத் தூக்கினான். அவனுக்குப் பயம். எனக்கும்தான், இல்லாவிட்டால் இவ்வளவு பேசுவேனா?

5
முடிவு ஒன்று: குழந்தை பார்க்கிறது, கட்டுரை ஜெயிக்கிறது, எனக்குக் கைதட்டல்.

முடிவு இரண்டு: பார்க்கவில்லை. விடிந்ததும் மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் மூன்று பேரும்...

(எழுத முடியவில்லை.)

6
கௌசல்யா எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. டிவியை அணைத்தாள். வளையல்களைக் கழற்றினாள். அவன் கையிலிருந்த சாவிக்கொத்தை வாங்கித் துண்டில் சுற்றி வைத்தாள்.

"செத்த நேரம் வாய மூடிட்டு இருங்க" என்றாள். அவனைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா, தெரியவில்லை. இருவரும் மூடிக்கொண்டோம்.

சிவப்புக் கிண்ணம் ஒன்றைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். மெதுவாக இடது பக்கம் நகர்த்துகிறாள்.

இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும். கிண்ணத்தை விடுங்கள், தமிழ்மதியின் கண்ணைப் பாருங்கள். புண்ணியமாகப் போகும், இந்த வரியை மட்டும் வாய்விட்டுப் படிக்காதீர்கள்.