வாய்க்கால் தெருவை மூடும் விசை

மேலச்செம்பூர் பேரூராட்சியின் பதினேழு தெருக்களும் அலுவலகத்தில் இருந்த ஒரே கணினியில்தான் திறந்திருந்தன. கணினியில் ஒரு தெரு மூடிப்போனால் ஊரிலும் அது மூடிப்போகும். திரும்பத் திறக்கலாம், அதில் ஒன்றும் சிரமமில்லை. ஆனால் போன விஜயதசமியன்று சேமித்தபோது எப்படி இருந்ததோ அப்படித்தான் திறக்கும். சேமிப்பது வருஷத்துக்கு ஒருமுறைதான். நல்ல காரியத்தைக் கண்ட கண்ட நாளில் செய்வார்களா என்ன!

கணினியைத் தொடும் உரிமை சண்முகவடிவு ஒருத்திக்குத்தான். கண்ட்ரோலோடு டபிள்யூவை அழுத்தினால் ஒரு வீட்டின் பக்கம் மூடும். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அழுத்துவாள். கண்ட்ரோலோடு க்யூவை அழுத்தினால் தெருவே மூடும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அப்படி வைத்த புண்ணியவான் எந்த ஊரில் சுகமாக இருக்கிறானோ தெரியாது. வடிவு க்யூவின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, விரலால் தடவித் தெரிந்துகொண்டு வேலை பார்த்தாள்.

ஆவணியில் கைக்குழந்தையை அலுவலகத்துக்கே கொண்டுவந்தாள். ஒருநாள் அது காலை உதைத்ததில் கொல்லர் தெரு மூடிப்போனது. திறந்து பார்த்தால், தையில் பிள்ளை பெற்ற டெய்லர் பெண்டாட்டி ஆறு மாத வயிற்றோடு வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். பங்குனியில் செத்துப்போன சர்வேயர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யாரும் புகார் கொடுக்கவில்லை. டெய்லர் மட்டும் வந்து, தொட்டிலை இப்போதைக்குக் கழற்றி வைக்கலாமா என்று கேட்டுப் போனார். அதிலிருந்து குழந்தைக்கு அலுவலகத்தில் அனுமதி இல்லை. வடிவின் வீட்டுக்காரர் சாயங்கால ஷிப்டுக்கு மாறிக்கொண்டு, பகலில் அதைப் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்குப் பிடித்த பயம் வடிவை விடவில்லை. அவள் மகள் ஆனியில் பிறந்தவள். போன விஜயதசமிச் சேமிப்பில் அவள் இல்லை. அவர்கள் குடியிருந்த வாய்க்கால் தெரு மூடித் திறந்தால், டெய்லர் பெண்டாட்டிக்கு மாதிரி வயிறாவது மிஞ்சுமா என்றால் அதுவும் இல்லை. மூடும்போது தெருவுக்குள் இருப்பவர்களுக்குத்தான் பழைய வயிறு திரும்பக் கிடைக்கும். வடிவு பகலெல்லாம் அலுவலகத்தில் இருப்பவள். குழந்தை எங்கேயுமே இருக்காது.   அதை நினைக்கும்போதெல்லாம் விரல் க்யூவின் பக்கம்தான் போனது.

ஆயுத பூஜைக்கு ஐந்து நாள் இருக்கும்போது தலைமை எழுத்தர் மாசானமுத்து வந்து, "வடிவு, பூஜைக்கு முந்துன நாளு எல்லாத்தையும் ஈரத்துணி போட்டுத் தொடச்சி, சந்தனம் குங்குமம் வச்சிரணும். கீபோர்டையும் சேத்துத்தான்" என்றார்.

"அணைச்சிட்டுத் தொடச்சிக்கிடட்டுமா சார்?"

"அணைச்சா ஊரு எங்கம்மா இருக்கும்?"

ஈரத்துணி எதை அழுத்தும், எதை விடும் என்று யார் கண்டது. தன் தெருவை மூடும் விசையை மாற்றித் தரும்படி வடிவு மனுப் போட்டாள். மூட வழியே இல்லாமல் ஒரு தெருவை வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை, வேறு எந்த விசைகளை வேண்டுமானாலும் வைக்கலாம், வைத்தபின் ஓராண்டுக்கு மாற்ற முடியாது என்று உத்தரவு வந்தது.

இரண்டு நாள் யோசித்தாள். துணி தவறிப்போய் அழுத்திவிடக் கூடாது. அதைவிட, தன் விரல் தவறிவிடக் கூடாது. வாய்க்கால் தெருப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதுமில்லை, எழுதுவதுமில்லை. எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டத்தை விட்டுவிடுவார்கள், வீட்டுக்காரர்களே எழுதிக்கொள்வார்கள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் கோமதிநாயகம் என்ற பெயர் வடிவின் வாயிலும் வந்ததில்லை, கையிலும் வந்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை அடித்து, அதையே விசையாக வைத்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

துடைக்கிற வேலை நல்லபடியாக முடிந்தது. தேரடித் தெரு மட்டும் மூடிக்கொண்டது. திறந்தபோது போன வருஷத்து மழைத்தண்ணீர் முழங்காலளவு நின்றது. வாய்க்கால் தெரு அசையவில்லை. வடிவு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

விஜயதசமி வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் சேமித்தாக வேண்டும். மாசானமுத்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, உன் பிள்ளைக்கு நேரா அப்பா பேரு காலியா கெடக்கே."

"நான் எழுத மாட்டேம்லா சார்."

"காலியா இருந்தா சேமிப்புல நிக்காதும்மா. பிள்ளை விழுந்துரும்."

 தான் என்ன விசை வைத்திருக்கிறாள் என்பதை வடிவு பெயரைச் சொல்லாமல் சொன்னாள். மாசானமுத்து தாடையைத் தடவினார்.

"பாதிய அடிச்சிட்டு, ஒரு டீயக் குடிச்சிட்டு வந்து மீதிய அடியேன்."

"அது ஞாபகம் வச்சிருக்கும் சார்."

"ஆமா, வச்சிருக்கும்" என்று ஒத்துக்கொண்டார்.

அடித்தால் குழந்தை இல்லை. அடிக்காவிட்டாலும் குழந்தை இல்லை. கடிகாரத்தில் நான்கு நிமிடம் இருந்தது. உள்ளங்கை வியர்வையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வடிவு அந்தக் கட்டத்தில் துரைப்பாண்டி என்று அடித்தாள். அந்தப் பெயரில் அவளுக்கு யாரையும் தெரியாது. ஊரிலும் அப்படி ஒருவர் இல்லை. மாசானமுத்து, "ஏதோ ஒரு பேரு இருந்தாச் சரி" என்றார். பத்து இருபத்தெட்டுக்குச் சேமித்தார்கள்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். தெரு இருந்தது. வாய்க்கால் நாற்றம்கூட இருந்தது. வீட்டுக்குள் குழந்தையின் சிணுங்கல் கேட்டதும் செருப்பைக் கழற்றாமலே ஓடினாள். உள்ளே, வீட்டுக்காரரின் லுங்கியைக் கட்டிக்கொண்டு ஓர் உயரமான ஆள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். குழந்தை அவர் காதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் கண்ணசந்தா. சத்தம் போடாம வா" என்றார் துரைப்பாண்டி.

வடிவு கைகால் கழுவிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். உச்சியை முகர்ந்து பார்த்தாள். விரல்களை எண்ணினாள். எல்லாம் இருந்தன. அவளுக்கு அழுகை வந்தது.

வெளியே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. கோமதிநாயகம் கையில் ஒரு பையும் ஒரு சீட்டுமாக நின்றிருந்தார்.

"சண்முகவடிவுங்கது நீங்கதானா?" என்றார். அவள் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "மேட்டுத் தெருவுல ஒரு வீட்டுக்கு ஆளு இல்லையாம். என்னை அங்க போகச் சொல்லி ஆபீஸ்ல சீட்டுக் குடுத்திருக்காங்க. வழிய உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. எப்படிப் போகணும்?"

அவரைக் கூப்பிடவேண்டும் போல இருந்தது. வாய்வரைக்கும் வந்த பெயரைக் குழந்தையை இறுக்கிக்கொண்டு விழுங்கினாள். "நேராப் போயி, பால் சொசைட்டிப் பக்கம் திரும்புங்க" என்றாள்.

அவர் குழந்தையைப் பார்த்தார். "எத்தனை மாசம்?"

"நாலு."

"அந்த வீட்லயும் ரெண்டு பிள்ளைன்னு சீட்டுல போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்தார்.

"யாரு வந்தது?" என்று உள்ளேயிருந்து துரைப்பாண்டி கேட்டார்.

"வழி கேட்டு வந்தாங்க" என்றாள் வடிவு. குழந்தைக்குப் பசி வந்திருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்தாள்.