பதினான்காம் போர்ட்டில் விழுந்த பிழைகள்

எனக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். ஒரே வீடு, ஒரே அலுவலகக் கட்டடம். அப்படியும், குழாயைச் சரியாக மூடவில்லை என்பதைத் தாண்டி நாங்கள் பேசிக்கொள்வது அபூர்வம். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவர் ஆபரேட்டர். மேல்மாடியில் நான் நெட்வொர்க் டெக்னீஷியன்.

அன்று காலை அவர் என் மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்தார். மூச்சுத் திணறிய தகப்பனாருக்காக ஒருவர் பதறி அழைத்தபோது, பதிலே சொல்லாமல் உட்கார்ந்திருந்ததற்காகத் தற்காலிகப் பணிநீக்கம். மறுபடி அழைத்து வேறொரு ஆபரேட்டர் எடுத்ததால் பெரியவர் பிழைத்தாராம். ஒரே மாதத்தில் அண்ணிமேல் இது நான்காவது புகார்.

"தொண்டை வத்தப் பேசினேன். அவரை நிமிர்த்தி உக்கார வைங்கன்னு பத்து தடவை சொன்னேன். ரெக்கார்டிங்ல என் குரலே இல்லைங்கறாங்க. உன் அண்ணன்கூட, கண் அசந்துட்டியான்னு கேக்கறார்."

என் அண்ணன் அப்படிக் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. அண்ணியையும் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று கீழே கட்டுப்பாட்டு அறைக்கு இறங்கினேன்.

அறையின் மேலாளர் நிதானமாக ஒரு தாளை எடுத்து நீட்டினார். "ரெண்டாவது புகார் வந்தப்பவே நெட்வொர்க்கைப் பாத்தாச்சும்மா. விளக்கு பச்சையா எரியுது, டிராஃபிக் ஓடுது, குறை எதுவும் இல்லைன்னு எழுதிக் கொடுத்தது யாரு? உங்க கையெழுத்துதானே இது?"

என் கையெழுத்துதான். எல்லா இருக்கைகளின் கேபிள்களும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் பச்சை விளக்கையும் ஓடும் தகவல் டிராஃபிக்கையும் பார்த்துவிட்டு, இரண்டே நிமிடத்தில் கிறுக்கிக் கொடுத்தது. கேபிள் இணைந்திருக்கிறது என்பதற்குமேல் அந்த விளக்கு எதையும் சொல்லாது என்று தெரிந்தும், பிழைக் கணக்கை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

அவர் கணினியிலேயே ஸ்விட்சின் பக்கத்தைத் திறந்தேன். அண்ணியின் இருக்கைக் கேபிள் செருகியிருப்பது பதினான்காம் போர்ட்டில். பதின்மூன்றிலும் பதினைந்திலும் பிழை பூஜ்யம். பதினான்கில், உள்ளே வந்தவற்றில் மட்டும் லட்சக்கணக்கில் பிழை.

"பேசற குரல் சின்னச் சின்னப் பொட்டலமா ஸ்விட்சுக்கு வருது. ஒவ்வொண்ணுலயும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். அது ஒத்துப்போகலைன்னா ஸ்விட்ச் அந்தப் பொட்டலத்தைத் தூக்கி எறிஞ்சிடும். எறிஞ்சதோட எண்ணிக்கைதான் இது. எறிஞ்சதெல்லாம் இவங்க பேசின பேச்சு."

"எப்பவோ விழுந்த பிழையா இருக்கலாமே."

கேள்வி நியாயமானதுதான். எண்களைப் பூஜ்யமாக்கினேன். "இப்ப நீங்களே அந்தச் சீட்ல உக்காந்து பேசுங்க சார். அஞ்சு நிமிஷம்."

அவர் அந்தப் பணிநீக்கக் கடிதத்தையே போனில் வாசித்தார். மறுமுனையில் அண்ணி ஸ்பீக்கரைப் போட்டார். "தங்கள்... யின்மை... அழை... ருக்கு..." நடுநடுவே வெறும் மௌனம். ஐந்து நிமிடத்தில் பதினைந்தாயிரம் பொட்டலங்கள் கிளம்பியிருக்கும். அவற்றில் ஐயாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பழுது.

கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். போன மாதம் மேலாளர் பழைய கோப்புகளுக்காகக் கொண்டுவந்து போட்ட இரும்பு பீரோவின் கால் அதன்மேல் ஏறி நின்றது. கேபிளை மாற்றினேன். மறுபடி ஐந்து நிமிடம் பேச வைத்தேன். பிழை ஒன்றுகூட இல்லை.

"சரிம்மா, நாளைக்கு வந்து டியூட்டில சேந்துக்கங்க," என்றார் மேலாளர்.

அண்ணி நகரவில்லை. "நாலு புகாரும் என் பேர்லதான் இருக்கு. பேசலைன்னு எழுதினீங்க. பேசினேன்னு எழுதுங்க."

"தொழில்நுட்பக் காரணங்களால் கடிதம் திரும்பப் பெறப்படுகிறது" என்று எழுதி நீட்டினார். அண்ணி அதைத் திருப்பி வைத்தார். இரண்டாவதையும் திருப்பி வைத்தார். மூன்றாவதில்தான் 'இவர் பேசினார்' என்ற வரி இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும்தான் எழுதணும்."

எழுதினேன். நான் சரியாகப் பார்க்காமல் சான்று கொடுத்தேன் என்று, ஒளிவுமறைவில்லாமல்.

அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. வர வேண்டியதுதான். கேபிள்மேல் பீரோவைப் போட்டவருக்கு மட்டும் இன்றுவரை ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. அதைக் கேட்டு நானும் அண்ணியும் சேர்ந்து இதுவரை மூன்று மனு போட்டிருக்கிறோம்.