சகலையின் பத்து விரல்

அட்டைக்காரருக்கு உலகத்தில் ஒரே எதிரி; அதுவும் சொந்தச் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். எதிரிலேயே ஓர் அட்டைக்கடை போட்டு உட்கார்ந்துகொண்டு, இவர் தும்மினால் தானும் தும்மிப் பார்க்கிற ரகம்.

அட்டைக்காரர் வாழ்த்து அட்டைகளைக் கையால் செய்பவர். பிசுபிசுப்பான மையில் முத்திரை குத்தி, ஈரம் காய்வதற்குள் எம்பாஸிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னின் சூட்டுக் காற்றைக் காட்டுவார். பவுடர் உருகி எழுத்து மேடாக எழும்பும். மெல்லிய எழுத்துக்கு நைஸ் பவுடர், தடித்த பூவுக்குக் குருணைப் பவுடர். மாற்றிப் போட்டால் எழுத்துக்குத் தொப்பை விழுந்துவிடும். அவர் அட்டையில் போட்ட தங்கநிறப் பூங்கொடி ஒன்றில் ஓர் எறும்பு ஏறி இறங்க அரை நாள் ஆனது. அது இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதாகத்தான் தகவல்.

அந்தக் கொடி அட்டையைத்தான் சகலை, "பாத்துட்டுத் தரேண்ணே" என்று வாங்கிப்போய், தன் கைவேலை என்று டாக்டரம்மாவிடம் காட்டி, புது ஆஸ்பத்திரித் திறப்புக்கு முந்நூறு அழைப்பிதழ் ஆர்டர் பிடித்துவிட்டார்.

"போய் நறுக்குனு நாலு வார்த்தை கேளுங்களேன்," என்றார் மனைவி.

"வாயை ஏன் செலவழிக்கணும்? அவன் கண்ணு என் கைமேலதானே இருக்கு."

முத்திரை குத்துமுன் அட்டையை டால்கம் பவுடர் கட்டிய துணியால் ஒற்றவேண்டும். இல்லாவிட்டால் விரல் பட்ட பிசுக்கில் எல்லாம் எம்பாஸிங் பவுடர் ஒட்டும். அட்டைக்காரர் அந்த ஒற்றுகிற வேலையை உள்ளறைக்கு மாற்றினார். வாசல் ஜன்னலில் உட்கார்ந்து, கைக்கு கிரீம் குழைத்துப் பூசி, ஒவ்வோர் அட்டையையும் கன்னுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவினார். தெருவுக்கே கேட்க மனைவியிடம் சொன்னார்:

"கை வழவழன்னு இருந்தாத்தான் பவுடர் சொன்ன பேச்சு கேக்கும்."

தடவிய அட்டைகளை உள்ளே போய்க் குப்பையில் போட்டார். பழிவாங்கப் புறப்பட்டவன் அட்டைக்குக் கணக்குப் பார்ப்பானா?

அந்த வாரம் தெருவில் யாருக்கும் கிரீம் கிடைக்கவில்லை. சகலையோடு கைகுலுக்கிய தபால்காரர் வழுக்கிக்கொண்டு அடுத்த தெருவில் போய்த்தான் நின்றார். அவசரத்தில் சகலை முந்நூறு அட்டைக்கும் மொத்தமாகப் பவுடர் தூவி, வீடெங்கும் பரப்பி, கடைசியில் வரிசையாகச் சூடு காட்டினார். கொடி எழும்பியது. கூடவே பத்து விரல்களும் ரேகை பிசகாமல் தங்கமாக எழும்பின.

திறப்புக்கு மூன்று நாள் இருக்கையில் சகலை அந்த அட்டைகளைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே டாக்டரம்மா, முகத்தில் ஈயாடவில்லை. சத்தம் கேட்டு அட்டைக்காரர் மனைவியும் அவர் தங்கையும் வாசலுக்கு வந்தார்கள்.

"ரேகை நல்லா விழுந்திருக்கே," என்றார் அட்டைக்காரர். "போலீஸ்ல இவ்வளவு சுத்தமா எடுக்க மாட்டாங்க."

"அண்ணே, நீங்கதான் காப்பாத்தணும்."

"செஞ்சு தரேன். மொதல்ல அந்தக் கொடி யார் போட்டதுன்னு அம்மாகிட்ட சொல்லு."

சகலை முனகினார்: "அது... அண்ணன் போட்டது. நான் போட்டதுன்னு பொய் சொல்லிட்டேன்."

அட்டைக்காரர் ஹீட் கன்னின் சுவிட்சைத் தட்டினார். அது இரைந்தது.

"இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. மறுபடி சொல்லு."

சகலை கத்திச் சொன்னார்.

"எனக்கு நல்லாவே கேட்டுச்சே," என்றார் டாக்டரம்மா.

"உங்களுக்குக் கேட்டா போதுமாம்மா?" என்று ஹீட் கன்னை அணைக்காமலே சகலை பக்கம் காதைத் திருப்பினார் அட்டைக்காரர்.