ஒன்பதாவது எண்ணிக்கை

“கீழே இறங்குடி.”

“எப்படிக்கா இறங்க? நீ இன்னும்...”

“முதல்ல இறங்கு, அப்புறம் பேசு.”

“...இறங்குறதுக்கு ஒண்ணுமே அமைக்கலையே.”

தங்கை பேசியது ஒத்திகைக் கூடத்தின் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில். பல்கலைக்கழகத்தில் நடனம் படிக்கும் அக்கா தன் இறுதித் தேர்வுக்காக அமைத்த நடனத்தில், எட்டாவது எண்ணிக்கையில் தங்கை துள்ளினாள். ஒன்பதாவதில் கீழே வரவில்லை. முடிவைக் கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பது அக்காவின் வழக்கம். போதாக்குறைக்கு, “நான் அமைக்காம ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது” என்று தங்கையிடம் முதல் நாளே சத்தியம் வாங்கியிருந்தாள். முழுக்கச் சொந்தப் படைப்பாக இல்லாவிட்டால் பட்டம் கிடையாது என்பது துறையின் விதி.

கட்டடப் பொறுப்பாளர் இரண்டு ஆட்களோடு வந்து காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவர் தோள்தான் சுளுக்கிக்கொண்டது. பேராசிரியை வந்து அண்ணாந்து பார்த்து, பாதத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். அம்மா துடைப்பக் கழியில் சாப்பாட்டுப் பையை மாட்டி நீட்டப் பழகிக்கொண்டாள். “இருக்குற இடத்துக்கே சாப்பாடு போகுது, அப்புறம் அவ ஏன் இறங்குவா?” என்றாள். பதினேழு நாளில் அக்கா முப்பத்தொரு இறக்கங்களை அமைத்தாள். ஒவ்வொன்றையும் தங்கை ஒழுங்காகச் செய்து பார்த்தாள். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. “எல்லாம் உன் உடம்புக்கு அமைச்சதுக்கா. என் உடம்பு கேக்க மாட்டேங்குது.”

தேர்வன்று தேர்வாளர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தங்கையின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் அக்கா அவளுக்கு நேர் கீழே போய் நின்றாள்.

“சத்தியமும் வேணாம், ஒண்ணும் வேணாம். உனக்கு எப்படித் தோணுதோ அப்படி வாடி.”

தங்கை முதலில் இடது தோளைத் தளர்த்தினாள். பிறகு, பதினேழு நாள் தூக்கமும் ஒன்றாக வந்துவிட்டவள்போலக் காற்றில் ஒருக்களித்துப் படுத்தாள். மெல்ல ஒருமுறை புரண்டாள். உள்ளங்கையை முதலில் தரையில் வைத்தாள். அப்படி ஓர் இறக்கம் அக்காவுக்குக் கனவிலும் தோன்றியதில்லை.

தேர்வாளர் நேரத்தைக் குறித்துக்கொண்டு படிவத்தைத் திருப்பினார்.

“நல்லா இருந்துச்சும்மா. அமைச்சவர்ங்கிற இடத்துல யார் பேரை எழுதட்டும்?”