ஐந்தாவது பொட்டலம்

அக்காவுக்கு அவன் தரவேண்டியது ஐயாயிரத்து எழுநூற்று இருபது. அதில் ஐயாயிரத்து எழுநூறு, டைல்ஸ் வெட்டும் மெஷின் கையைப் பதம் பார்த்ததில் ஒன்றரை மாதம் வேலைக்குப் போகாமல் கிடந்தபோது வீட்டு வாடகைக்கு வாங்கியது. மிச்ச இருபது, அப்போதே ஒருநாள் பால் வாங்கச் சில்லறை இல்லாமல் வாங்கியது.

அக்கா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். கல்யாணம் என்று ஒன்று அவளுக்குக் கூடிவரவில்லை. கூடிவராததைப் பற்றி அவள் பேசியதும் இல்லை. தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள் இவர்களோடுதான் இருந்தாள். முன்னறையில் ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி, அவ்வளவுதான் அவள் குடித்தனம். காலையில் பெரியவளுக்குச் சடை பின்னி, சின்னவனுக்குப் பல் தேய்த்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவாள்.

ஒரு பெரிய ஓட்டலுக்குத் தரை போட்டு முடித்த வகையில் போன வாரம் மேஸ்திரி மொத்தமாகக் கொஞ்சம் பணம் கொடுத்தார். நியாயப்படி அது அக்கா கைக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் பெரியவள் இரண்டு வருஷமாகத் தீம் பார்க், தீம் பார்க் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன் பணத்த அடுத்த மாசம் தந்துடறேன். இந்தச் சனிக்கிழம எல்லாரும் ஒருநாள் போயிட்டு வந்துடலாம். நீயும்தான்" என்றான்.

"நானா? எனக்கு நின்ன எடத்துலயே தல சுத்தும். இதுல ராட்டினம் வேறயா?" என்று சிரித்தாள் அக்கா. ஆனால் அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டில் போய், தண்ணீர் விளையாட்டுக்கு என்ன மாதிரித் துணி வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்தாள்.

மூன்று பெரியவர், பெரியவளுக்கு ஒரு சிறுவர் டிக்கெட். கணக்கு அதோடு சரியாக இருந்தது. மூன்றடி உயரத்துக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. அந்த மூன்றடியைப் போன வருஷமே பின்னறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான். டிக்கெட் வாங்கக் கிளம்பும்போது சின்னவனை அதில் நிறுத்திப் பார்த்தான். தலை கோட்டுக்கு மேலே ஒரு விரல் தாண்டி நின்றது. சின்னவனுக்கும் டிக்கெட் என்றால் மூன்றாவது பெரிய டிக்கெட்டுக்குப் பணம் இல்லை. ரீசார்ஜ் கடைக்குப் போய், பெரியது இரண்டு, சின்னது இரண்டு என்று போனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

அது திங்கட்கிழமை. மனைவியிடம் மட்டும் சொன்னான்.

"நீங்களே உங்க அக்காகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா, வந்தவ பிரிச்சிட்டான்னு ஊரே பேசும்" என்று அவள் கையைக் கழுவிவிட்டாள்.

சொல்லத்தான் நினைத்தான். செவ்வாய்க்கிழமை சொல்லப் போனபோது அக்கா தலைவலி என்று படுத்திருந்தாள். புதன்கிழமை சொல்லப் போனபோது கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். கடையில் யாரோ போட்டுவிட்டு வருஷக்கணக்காக எடுக்க வராத நைலான் பேன்ட் ஒன்றும் டீ-ஷர்ட்டும் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். இடுப்பில் உள்பக்கம் தையல் போட்டுப் பிடித்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முதலாகப் பேன்ட் போட்டவள், முன்னே பார்த்தாள், பின்னே பார்த்தாள், தம்பி நிற்பதைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் துண்டை இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"என்னடா, கோமாளி மாதிரி இருக்கா?"

"நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு வந்தவன், வியாழக்கிழமை அந்தப் பக்கமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்தபோது முன்னறைத் தரை முழுக்கத் துணி பரப்பி வைத்து அக்கா பை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அடுக்குகிற விதமே தனி. சலவைக் கடையில் ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுத் துணியோடு கலக்கக்கூடாது. அந்தப் பழக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றுடுப்பு, ஒரு துண்டு, உள்ளாடை, எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து இறுக்கிச் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயைக் கட்டினாள். கட்டின இடத்தில் ஆளுக்கு ஒரு நிறத்தில் நூல். தம்பிக்கு நீலம், தம்பி மனைவிக்குப் பச்சை, பெரியவளுக்கு ரோஸ், சின்னவனுக்கு மஞ்சள். ஐந்தாவது பொட்டலத்தில் கறுப்பு நூல்.

"எனக்கு எந்தக் கலர் இருந்தா என்ன, கடையில மீந்தது இதுதான்" என்றாள், யாரும் கேட்காமலே.

அவன் சுவரோரமாக உட்கார்ந்தான். மனைவி அடுப்படி வாசலில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், கண்ணாலேயே 'சொன்னீங்களா' என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சாப்பாடு உள்ள விடமாட்டாங்களாம். கேட்டுக்கு வெளியவே உக்காந்து முடிச்சிட்டுப் போயிடணும். முட்ட வேக வெச்சிடு, உரிச்சு எடுத்துக்க வேண்டாம், நாறும்" என்று அக்கா அடுப்படியைப் பார்த்துச் சொன்னாள். "தலைசுத்தல் மாத்திரை அஞ்சு வாங்கியிருக்கேன். அது எனக்குத்தான், ஆனா என் மானம் போகக்கூடாதுன்னு ஆளுக்கு ஒண்ணு."

பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்கா சின்னவனின் காற்சட்டையை எடுத்து அவன் இடுப்பில் வைத்து அளந்தாள். "பாரேன், போன வருஷம் வாங்கினது, இன்னும் அப்படியே முழங்கால் மூடுது. வளர்றியா இல்லையாடா நீ?"

"இல்ல அத்த, தம்பி கோட்டத் தாண்டிட்டான்! அதனாலதான் அப்பா அவனுக்கும் டிக்கெட் எடுத்தாரு" என்றாள் பெரியவள்.

"தாண்டிட்டானா? இந்தக் கட்டெறும்பா?" அக்கா சின்னவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறைக் கதவு நிலையில் நிறுத்தினாள். தலை கோட்டுக்கு மேலேதான் இருந்தது. அவள் கோட்டைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். கதவின் அடியைப் பார்த்தாள்.

"டேய், மீந்த டைல்ஸக் கொண்டாந்து இந்தத் தரையப் போட்டது எப்போ? அஞ்சு மாசம் இருக்குமா?"

அவன் சுவரோரத்திலிருந்து எழுந்து நின்றான்.

"கதவு முட்டுதுன்னு அடியில ரெண்டு அங்குலம் அறுத்தியே. தரை ஏறினப்போ கோட்டையும் ஏத்திப் போட்டியா?"

அவன் வேலைப் பையிலிருந்து டேப்பை அவளே எடுத்தாள். பெரியவள் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொள்ள, சின்னவன் தலைமேல் உள்ளங்கையை வைத்து அக்கா படித்தாள். மூன்றடிக்கு ஓர் அங்குலம் குறைவு.

"தப்பிச்சோம்டா! இவனுக்கு டிக்கெட்டே வேண்டாம். ஒரு டிக்கெட் மிச்சம்" என்று அக்கா சந்தோஷமாகக் கையைத் தட்டினாள். "அப்போ உன்கிட்ட அஞ்சு இருக்கு, ஒண்ண மாத்தித் தரச் சொல்லி..."

"அஞ்சு இல்ல அத்த. நாலுதான். நான் அப்பா போன்ல பாத்தேன்" என்றாள் பெரியவள்.

அடுப்படியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

அக்கா வாய்க்குள் ஒருதரம் எண்ணினாள். உதடு அசைவது தெரிந்தது. எண்ணி முடித்ததும் டேப்பை விட்டாள். அது சர்ரென்று ஓடி உள்ளே போனது.

"எப்போ வாங்கின?"

"திங்கக்கெழம."

"மூணு நாளா நான் பேன்ட் போட்டுப் பாக்கறேன். பாத்துக்கிட்டுதான இருந்த?"

"பணம் பத்தலக்கா. சின்னவன் அளவு தாண்டிட்டான்னு நெனச்சு..."

"நீ டைல்ஸ்காரன்டா. மயிரிழை ஏத்த எறக்கம் இருந்தாலும் பேத்தெடுத்துப் போடறவன். உனக்குத் தெரியாதா?"

தெரியாதா? அந்தக் கேள்வியை அவனும் நாலு நாளாகத் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். சின்னவனைக் கோட்டில் நிறுத்தியபோது உள்ளே ஏதோ ஒன்று லேசாக இடறியது உண்மை. குனிந்து டேப்பை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? எடுக்கவில்லை. வீட்டுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடன் கொடுத்தவளின் முகம். சட்டை வாங்கினாலும் அவள் பார்க்கிறாளோ என்று இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கினாலும் அவள் கணக்குப் போடுகிறாளோ என்று இருக்கிறது. அவள் பார்க்கவுமில்லை, கணக்குப் போடவுமில்லை. ஆனாலும் ஒருநாள், ஒரே ஒருநாள், அந்த முகம் இல்லாத இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டு வரவேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. கோடு அதற்குச் சாக்குக் கொடுத்தது. அவன் வாங்கிக்கொண்டான்.

இதை எப்படி வாயால் சொல்வது?

"என் டிக்கெட்டுல நீ போக்கா. நான் வீட்ல இருக்கேன்" என்றான்.

"உன் டிக்கெட் எனக்கு எதுக்கு?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "என் பணம்தான் உன்கிட்ட இருக்கே. அதக் குடு. எனக்கு வேணும்னா நானே வாங்கிக்கறேன்."

"அடுத்த மாசம்..."

"இன்னைக்கு."

மனைவி ஓடிவந்தாள். "அண்ணி, தப்பு எங்க மேலதான். எனக்கும் தெரியும். மனசுல வெச்சுக்காதீங்க."

"உன்ன யாரும்மா கேட்டா? நீ போய் முட்டையப் பாரு, வெடிச்சிடப் போவுது" என்றாள் அக்கா. பிறகு குனிந்து பைக்குள் கையை விட்டு, அடியில் இருந்த கறுப்பு நூல் பொட்டலத்தை உருவி எடுத்தாள். அதை எடுத்ததும் மேலே அடுக்கியிருந்ததெல்லாம் சரிந்து, பை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் நிமிர்த்தவில்லை.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்கு நடந்தான்.

மேஸ்திரி வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தார். "நாளைக்குத் தண்ணில சவாரி, இன்னைக்கு என் தலைமேல சவாரியா? லீவும் வேணும், அட்வான்ஸும் வேணும். மாலையும் போடணுமா?"

"அவசரங்க."

"என்ன அவசரம்? யாருக்கு என்ன ஆச்சு?"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "எங்க அக்காவுக்குத் தரணும்" என்றான்.

"அக்காவுக்கா? வட்டிக்காரன் நெருக்கறான்னு சொல்லு, நம்பறேன். கூடப் பொறந்தவ எங்கயாவது ராத்திரிக்குள்ள குடுன்னு கேப்பாளா?"

மேஸ்திரி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை நிறுத்தினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து மாடிப்படி வேலையை முடித்துக் கொடுப்பதாகப் பேச்சு. வேறொரு நாளாக இருந்தால் இரண்டு ஞாயிறுக்குப் பேரம் பேசியிருப்பான். இன்று சரி என்று சொல்லிவிட்டு ஐயாயிரத்து எழுநூறை வாங்கிக்கொண்டு வந்தான்.

அக்கா நோட்டுகளை வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்து, விரலை நாக்கில் தொட்டு எண்ணினாள். எண்ணிவிட்டு நிமிர்ந்தாள்.

"இருபது?"

"சில்லற இல்லக்கா. நாளைக்குப் பஸ்ல வாங்கித் தர்றேன்."

'போகுது விடு' என்று சொல்வாள் என்று ஒரு நிமிஷம் நின்றான். "சரி" என்று சொல்லிவிட்டு அவள் பணத்தைப் பெட்டிக்குள் வைத்தாள்.

காலையில் அவள் வருவாளா மாட்டாளா என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. பெரியவளுக்குச் சடை பின்னிவிட்டாள், சின்னவனுக்குப் பல் தேய்த்துவிட்டாள். பிறகு கடைக்குக் கொண்டுபோகும் துணிப்பையில் தன் பொட்டலத்தைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் வாசலில் இறங்கி நின்றாள்.

"அண்ணி, அதக் குடுங்க, இதுலயே எடம் இருக்கு" என்று மனைவி பெரிய பையைத் திறந்து காட்டினாள்.

"இருக்கட்டும்மா. எனக்கு இது கனமில்ல."

பஸ்ஸில் அவள் தன் டிக்கெட்டைத் தானே எடுத்தாள். கண்டக்டர் கொடுத்த சில்லறையிலிருந்து அவன் இருபதை எண்ணி நீட்டினான். அவள் வாங்கி, கைக்குட்டை முடிச்சில் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே எதையோ பெரியவளுக்குக் காட்டினாள். பிள்ளைகளோடு அவள் எப்போதும் போலத்தான் இருந்தாள். பார்க்குக்கு வெளியே மரத்தடியில் சாப்பிடும்போதும், சின்னவன் வாயில் முட்டையை ஊட்டி, மூக்கைப் பிடித்துக் கிள்ளி, அவனைக் கிக்கிக்கென்று சிரிக்க வைத்தாள். தம்பிக்கும் ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அவன் சொன்னதற்கெல்லாம் 'ம்' கொட்டினாள். ஒரு டேய் மட்டும் இல்லை.

கேட்டில் காவலாளி சின்னவனை அளவுக்கம்பத்தில் நிறுத்தினார். "இவனுக்கு டிக்கெட்டே வேண்டாமே, ஏன் எடுத்தீங்க?" என்றார். "பணம் திருப்பித் தரமாட்டாங்க. ஆனா பெரிய டிக்கெட் எடுக்கற ஆள் யாராவது கூட இருந்தா, கவுன்ட்டர்ல காட்டினா இதக் கழிச்சுக்குவாங்க."

அவன் சட்டென்று திரும்பினான். கவுன்ட்டர் பக்கத்தில் வரிசை நீளமாக இல்லை. அக்கா ஜன்னலுக்கு நேராகப் போய்விட்டிருந்தாள்.

"அக்கா! கொஞ்சம் இரு! இதுல கழிச்சுக்கலாமாம்!" போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

அவள் காதில் விழுந்தது. ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். நேற்று அவன் கொடுத்த நோட்டுகள் அவள் கையில் இருந்தன. அவற்றை ஜன்னலுக்குள் தள்ளினாள்.

"எத்தன பேரும்மா?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"ஒருத்திதான்" என்றாள் அக்கா.