வேலைக்காரன் கம்பு

வைக்கோல் வாசம் வந்தால் அன்னப்பூரணிக்கு இன்றைக்கும் உள்ளங்கை எரியும். எருமைகள் மிதித்துப் போன வைக்கோலைக் கோதி உதறும் கொக்கிக் கம்பைச் சின்ன வயதில் பிடித்த கை அது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் அதை வேலைக்காரன் கம்பு என்பார்கள். அப்போது அவளைவிட அது ஒரு முழம் உயரம். பெண்பிள்ளை நெற்கதிர் மிதிக்கும் களவெட்டியில் கால் வைக்கும் வழக்கம் இல்லைதான். ஆனால் கம்பு பிடித்த அண்ணன் மூர்த்தியை முப்பத்தைந்தாம் ஆண்டு மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. சின்னவள்தானே, பரவாயில்லை என்று அப்பா அருமைநாயகமே கூட்டிவந்தார்.

கூட்டிவந்தாரே தவிர, பேசவில்லை. அண்ணன் போனதிலிருந்து அவளிடம் அவர் வாய்க்குப் பூட்டு. உயிரோடு இருக்கிற பிள்ளை நான் ஒருத்தி இல்லையா என்று அவளுக்கு ஆத்திரமாக வரும். அந்த ஆத்திரத்தையெல்லாம் வைக்கோலில் காட்டினாள். உள்ளங்கை கொப்பளித்தும் கம்பை விடவில்லை.

களவெட்டிக்கென்று தனிப் பேச்சு உண்டு. நெல் அங்கே பொலி, தண்ணீர் வெள்ளம். ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. பொலியைத் தூக்கக் காத்திருக்கும் பூதம் அந்தப் பேரில் வந்து நிற்குமாம். பூதத்துக்கு வேறு சோலி இல்லையாக்கும் என்று அண்ணன் சிரிப்பான்.

உச்சி வெயில். வயல் வட்டை முழுக்க ஒரு குருவிச் சத்தம் இல்லை. எருமைகளை வளைத்து ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, அவள் கம்பை வீசி உதறுவதைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "மூர்த்தி!" என்று கூப்பிட்டுவிட்டார்.

எருமைகள் நின்றன. குவித்திருந்த கதிர்ச்சூட்டுக்குப் பின்னாலிருந்து, "ஓம் அப்பா" என்று பதில் வந்தது. அண்ணனின் குரலேதான்.

அப்பா தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவள் ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்தாள்.

"போகாதீங்க அப்பா. அது அண்ணன் இல்ல."

"விடு. வெள்ளம் கேக்கான். காய்ச்சலுக்குள்ள எத்தினை தரம் கேட்டான்! குடுத்தா சன்னி வருமெண்டு வைத்தியர் சொன்னதைக் கேட்டு ஒரு சொட்டுக் குடுத்தனா நான்?"

சூட்டுக்குப் பின்னால் யாரும் இல்லை. அப்பா முழங்காலிட்டு, படுத்திருப்பவனுக்குப் புகட்டுவதுபோல் குடத்தைச் சரித்தார். தண்ணீர் கொட்டியது. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. கீழே தரை நனையவில்லை.

அப்பா திரும்பி வெறுங்குடத்தை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னும் கேக்கான். ஓடிப்போய் மொண்டு வா மகள்."

மகள் என்று அவர் அழைத்து ஒரு வருடமாகியிருந்தது. அவள் குடத்தை வாங்கிக்கொண்டு வயலோரத்தில் தோண்டியிருந்த பூவல் கிணற்றுக்கு ஓடினாள். பொழுது சாயும்வரை மொண்டு மொண்டு கொடுத்தாள். புழுதி புழுதியாகவே கிடந்தது.